பசி தெரியாத நோன்பு

வேலூருக்குப் போகிற நாட்களில் நான் கம்பெனியில் லீவு கேட்க வேண்டும். கேட்கிறபோதெல்லாம் லைன் சூப்பர்வைசர் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்: "பொண்ணுக்கு இன்னா ஒடம்புக்கு?" ஜுரம் என்றால் அவருக்குப் புரியும். வயிற்றுவலி என்றாலும் புரியும். முதல் தடவை மட்டும் உள்ளதைச் சொல்லித் தொலைத்தேன். "ஒரு எடத்துல உக்கார மாட்டேங்குது சார், அதுக்குத்தான் டாக்டர் கிட்ட காட்றோம்." லைன் முழுக்கச் சிரித்தது. நாங்கள் ஷூவுக்கு மேல்தோல் தைக்கிறவர்கள், நாள் முழுக்க உட்கார்ந்தே கிடப்பவர்கள். "உக்காராம இருக்கிறது ஒரு நோவா? எங்களுக்கும் கொஞ்சம் வாங்கினு வாயேன்" என்றாள் பக்கத்து மெஷின்காரி. நானும் சேர்ந்து சிரித்தேன். அதற்குப் பிறகு ஜுரம் என்றே சொல்லிவிடுகிறேன்.

என் மகளுக்கு ஒன்பது வயது. ஆம்பூரில் எங்கள் தெருவில் அவளைத் தெரியாதவர்கள் இல்லை. அவளைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொன்னவர்களும் இல்லை. வகுப்பில் டீச்சர் போர்டுப் பக்கம் திரும்பினால் இவள் ஜன்னலில் இருப்பாள். பெரியவர்கள் பேசினால் நடுவில் புகுவாள். கேஸ் அடுப்பைத் திருகிவிட்டு, ஏன் திருகினோம் என்பதை மறந்து மாடிக்கு ஓடிவிடுவாள். அடித்தால் அழுவாள், ஆனால் கண்ணீர் காயும் முன்பே அடுத்த காரியத்தில் இருப்பாள். சைத்தான் பிடித்திருக்கிறது என்றார்கள், தாவீஸ் என்கிற தாயத்தைக் கட்டினோம். அதன் கயிற்றைப் பல்லால் கடித்துப் பிரித்து, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டாள்.

நான் காலையில் கம்பெனி பஸ் ஏறினால் வீடு திரும்பும்வரை அவள் என் கணவருடைய அக்காவின் பொறுப்பு. தன் வீட்டுக்காரர் இறந்ததிலிருந்து அந்த அம்மா எங்களோடுதான் இருக்கிறார். எனக்கு அவர் ஆபா, மகளுக்குப் புப்பு. எங்கள் வீட்டில் உருதும் தமிழும் கிச்சடியாகத்தான் பேசுவோம். புகார் சொல்வதென்றால் மட்டும் ஆபாவுக்குத் தமிழ்தான் வசதி, பக்கத்து வீட்டுக்கும் கேட்கும். நான் புர்கா கழற்றும் முன்பே தொடங்கிவிடுவார். "ஒம் பொண்ணு இன்னிக்கு இன்னா பண்ணா தெரியுமா?" தெரியாது ஆபா, ஆனால் தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை என்று சொல்ல நாக்கு துடிக்கும். சொன்னதில்லை. அவர் இல்லாவிட்டால் நான் வேலைக்குப் போக முடியாது.

கடைசியில் வேலூரில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஒரே நாளில் முடிந்துவிடும் என்று நினைத்துத்தான் போனேன். அன்று காது பார்த்தார்கள், கண் பார்த்தார்கள், வலிப்பு வந்ததுண்டா என்று கேட்டார்கள், இன்னொரு நாள் வரச் சொன்னார்கள். அந்த இன்னொரு நாளில் ஓர் அறையில் கட்டைகளும் படங்களும் கொடுத்து அவளை விளையாட விட்டு, ஒரு பெண் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் பள்ளியில் எப்படி இருக்கிறாள் என்று டீச்சர் எழுதித் தர வேண்டும் என்றார்கள். அதை வாங்குவதற்கு நான் டீச்சர் பின்னால் நாயாக அலைந்தேன். எல்லாவற்றையும் விட என்னிடம் கேட்ட கேள்விகள்தான் என்னைக் களைக்க வைத்தன. வயிற்றில் இருந்தபோது எப்படி இருந்தீர்கள், பிறந்ததும் அழுதாளா, எப்போது நடந்தாள், வீட்டில் சண்டை சச்சரவு உண்டா, பிள்ளையை அடிப்பது யார்.

"எல்லாரும்தான் மேடம்" என்றேன்.

டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை. அதற்குள் மகள் மேசையிலிருந்த ஸ்டேப்ளரைப் பிரித்து ஸ்பிரிங்கைக் கையில் வைத்திருந்தாள்.

எல்லாம் முடிந்த பிறகு அவர் சொன்னதை நான் அப்படியே நினைவில் வைத்திருக்கிறேன். "இது திமிர் இல்லம்மா. நீங்க வளர்த்தது சரியில்லன்னும் இல்ல. கவனத்தை ஒரு எடத்துல புடிச்சு வைக்கிறது இவ மூளைக்குக் கஷ்டம். அவளுக்கே அது கஷ்டம்தான்." எங்கள் தெருவுக்கு வந்து பள்ளிவாசல் மைக்கில் இதை ஒரு தடவை சொல்லிவிட்டுப் போங்கள் என்று கேட்க வேண்டும் போல இருந்தது. அழுகை வந்தது. அவள் முன்னால் அழக்கூடாது என்று அடக்கிக்கொண்டேன்.

அவளிடம் எப்படி நடந்துகொள்வது என்று எங்களுக்குப் பாடம் நடத்தினார்கள், கூடவே ஒரு மாத்திரையும் எழுதினார்கள். காலையில் நன்றாகச் சாப்பிட்ட பிறகு ஒன்று. பகல் முழுக்க வேலை செய்யும். பசி மந்தப்படும், அதனால் மாலையில் மாத்திரையின் வேகம் இறங்கியதும் வயிறு நிறையக் கொடுங்கள் என்றார். மாதம் ஒரு தடவை அழைத்து வாருங்கள், எடை பார்க்க வேண்டும், உயரம், ரத்த அழுத்தம் எல்லாம் பார்க்க வேண்டும் என்றார். எங்கள் ஊர் மெடிக்கல் ஷாப்பில் அந்த மாத்திரை கிடைக்காது. ஆகவே மாதாமாதம் மகளுக்கு ஜுரம் என்று ஒரு பொய், வேலூருக்கு ஒரு பஸ், வரிசையில் ஓர் அரை நாள்.

மாத்திரை கேட்டது. அவள் உட்கார்ந்தாள். ஒரு கணக்கைப் பாதியில் விடாமல் போட்டு முடித்துவிட்டு, யாரோ வேறு பிள்ளை போட்ட மாதிரி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கு எடுத்துப் போகிற சாப்பாட்டு டப்பா மட்டும் கை படாமல் திரும்பி வந்தது. ராத்திரி அதற்கெல்லாம் சேர்த்துச் சாப்பிடுவாள். எடை கொஞ்சம் இறங்கி, அப்படியே நின்றது. டாக்டரம்மா பரவாயில்லை என்றார். தெரு மட்டும் பழைய பேச்சையே பேசியது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை.

இப்படி இருக்கையில் ரம்ஜான் வந்தது.

"நானும் நோன்பு வைக்கிறேன் அம்மி" என்றாள் மகள். பருவம் வராத பிள்ளைக்கு நோன்பு கடமையில்லை. ஆனாலும் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் போட்டி போட்டுக்கொண்டு வைக்கும், மதிய லுஹர் தொழுகை நேரத்துக்குள் அழுதுகொண்டே தண்ணீர் குடித்துவிடும். இவள் பத்து மணிக்கே குடித்துவிடுவாள் என்று ஆபா சொன்னார். நானும் அப்படித்தான் நினைத்தேன். விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கு எழுந்து எங்களோடு உட்கார்ந்து சோறு சாப்பிட்டாள். சாப்பிட்ட பிறகு மாத்திரை என்பதுதானே கணக்கு, சாப்பாடு விடியற்காலைக்கு நகர்ந்தால் மாத்திரையும் நகர்ந்துவிட்டுப் போகிறது. எங்கள் ஊரில் ரம்ஜான் வந்தால் சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை எல்லாம் இப்படித்தான் சஹருக்கும் நோன்பு திறக்கிற நேரத்துக்கும் இடம் மாறும். அதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று இதையும் மாற்றிவிட்டேன்.

மகள் தண்ணீர் கேட்கவே இல்லை. சோறு கேட்கவில்லை. பள்ளிக்குப் போனாள், வந்தாள், படுத்துத் தூங்கினாள், நோன்பு திறக்கிற நேரத்துக்கு எங்களோடு வந்து உட்கார்ந்தாள். மற்ற பிள்ளைகள் பேரீச்சம்பழத்தை வெறித்துக்கொண்டு பாங்கு சத்தத்துக்குத் தவிக்கும்போது இவள் கைகட்டி இருந்தாள். மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும்.

ஆபாதான் முதலில் மாறினார். "மாஷா அல்லா, இன்னா சபர் பாரு" என்று பக்கத்து வீட்டில் போய்ச் சொன்னார். சபர் என்றால் பொறுமை. என் மகளுக்குப் பக்கத்தில் அந்தச் சொல்லை அதுவரை யாரும் வைத்ததில்லை. தெருப் பெண்கள் தங்கள் பிள்ளைகளை இழுத்து வந்து இவளைக் காட்டினார்கள். "பெரிய ஆம்பளப் பசங்க மறைவா டீ குடிச்சிட்டு வர்றானுங்க, இவளப் பாருங்கடா" என்றார் மூலைக்கடைக்காரர். அவர் கடையில் பாட்டில் உடைத்ததற்காக இவளைக் காதைத் திருகி வீட்டுக்கு இழுத்து வந்தவர் அவரேதான். மகள் நடையே மாறிவிட்டது. தலையில் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, யாராவது பார்க்கிறார்களா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே மெதுவாக நடப்பாள். எனக்குச் சிரிப்பாகவும் இருக்கும், நெஞ்சு நிறைந்தும் போகும். கம்பெனியில் நானே வாய் விட்டுப் பீற்றிக்கொண்டேன்.

ரோஜா குஷாயி வைக்க வேண்டும் என்றார் ஆபா. பிள்ளை முதன்முதலாக நோன்பு பிடிப்பதை எங்களவர்கள் கொண்டாடுகிற வழக்கம் அது. புதுத் துணி உடுத்தி, மாலை போட்டு, சொந்தக்காரர்களை நோன்பு திறக்க அழைத்து, எல்லோர் முன்னாலும் பிள்ளை முதல் பேரீச்சம்பழத்தை வாயில் வைக்கும். இவள் எங்கே தாங்கப் போகிறாள் என்று முதல் நாள் யாரும் அதை நினைக்கவில்லை. இப்போது ஒரு வெள்ளிக்கிழமையைக் குறித்தார்கள். பேரணாம்பட்டிலிருக்கும் மைத்துனர் வீட்டுக்கும் மாதனூரிலிருக்கும் என் தங்கைக்கும் சொல்லியாயிற்று. சம்கி வைத்த பச்சைத் துணி தையலுக்குப் போயிற்று.

அந்த வெள்ளிக்கு முந்தின சனிக்கிழமைதான் வேலூர் போகிற நாள்.

நோன்போடு பஸ்ஸில் நின்றுகொண்டு போனேன். ஆஸ்பத்திரியில் எடை மெஷினில் அவளை நிறுத்திய நர்ஸ் ஒரு தடவை இறங்கச் சொல்லி, மறுபடியும் ஏறச் சொன்னார். டாக்டரம்மா அவள் முழங்கையைப் பிடித்துப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார். ஒரே மாதத்தில் ஏன் இவ்வளவு இறங்கிவிட்டது என்று கேட்டார். நோன்பு வைக்கிறாள் என்று நான் பெருமையாகவே சொன்னேன்.

"மாத்திரை எப்பக் கொடுக்கறீங்க?"

சொன்னேன். அவர் போன மாத எடையைச் சீட்டில் தேடிப் பார்த்தார். அதற்குள் எனக்கே புரிந்துவிட்டது. முன்பெல்லாம் பகலில் விட்டதை ராத்திரியில் பிடித்துக்கொண்டிருந்தாள். இப்போது விடியுமுன் எழுந்த களைப்பில் நாலு வாய் கஞ்சி குடித்ததும் தூங்கிவிடுகிறாள். பகலிலும் இல்லை, இரவிலும் இல்லை.

"நோன்பு வைக்கிறது உங்க நம்பிக்கை, அதுல நான் தலையிட மாட்டேன். ஆனா இவ இப்ப நோன்பு வைக்கக் கூடாதும்மா. மாத்திரை போடறப்ப பசியும் அவளுக்குத் தெரியாது, தாகமும் சரியாச் சொல்ல மாட்டா. காலையில சாப்பிட்டு, பழையபடி மாத்திரை போட்டு, ஸ்கூலுக்கு அனுப்புங்க. ஞாயித்துக்கிழமை மாத்திரை வேணாம், அன்னிக்கு நல்லா சாப்பிடட்டும். எடை ஏறலன்னா மருந்தையே மாத்திப் பாக்கலாம்."

மகள் நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். மாத்திரை போட்ட நாள், எல்லாம் காதில் விழும். திரும்பும் பஸ் பள்ளிகொண்டாவைத் தாண்டியது. அப்புறம் கேட்டாள்.

"மாத்திரை போட்டா யாருக்குமே பசிக்காதா அம்மி?"

"நெறைய பேருக்குப் பசிக்காதாம்."

"அப்போ நோன்பு வச்சது நான் இல்லியா?"

பஸ் சத்தத்தில் கேட்காத மாதிரி இருந்துவிட்டேன். அவ்வளவு களைப்பு எனக்கு.

வீட்டில் ஆபா ஒப்புக்கொள்ளவில்லை. "வெள்ளிக்கெழம வரைக்கும் வச்சிட்டு நிறுத்திக்கலாம். கூப்ட்டவங்களுக்கு இன்னா சொல்றது? ஜென்மத்துல மொதல் தடவையா இவளப் பத்தி நாலு பேர் நல்லதாப் பேசறாங்க, அதையும் கெடுக்கணுமா?" கடைசி வாக்கியம் என்னைக் குத்தியது, ஏனென்றால் அதைத்தான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். என் கணவர் இரண்டு பக்கமும் பார்த்தார். "அஞ்சாறு நாள்ல இன்னா ஆய்டப் போவுது?" என்றார். கூடாது என்று நான் கத்தினேன். நோன்பு நேரத்தில் கத்தக்கூடாது என்று ஆபா சொன்னார். அதற்கும் சேர்த்துக் கத்தினேன்.

மறுநாள் ஞாயிறு. சஹருக்கு நான் அவளை எழுப்பவில்லை. அவளே எழுந்து வந்து தட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். "மாத்திரை இல்லாம வைக்கிறேன்" என்றாள். டாக்டர் வேண்டாமென்று சொன்னாரே என்றேன். "மாத்திரைதான இன்னிக்கு வேணாம்னாங்க" என்றாள். வக்கீலுக்குப் படிக்க வைக்கலாம். மல்லுக்கட்ட எனக்கு முடியவில்லை. பத்து மணிக்குத் தானாகத் தண்ணீர் குடித்துவிடுவாள், விட்டுவிடு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

எட்டு மணிக்கே பசி என்று சொல்லிவிட்டாள். சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். அதிலிருந்து வீட்டில் யாருக்கும் நிம்மதியில்லை. குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு கையை நனைத்தபடியே நின்றாள். மாடிக்கும் கீழுக்கும் ஓடினாள். என்னைக் கட்டிக்கொண்டாள், பிறகு என்னையே அடித்தாள். ஆபா ஊறவைத்திருந்த பருப்பைத் தட்டிவிட்டாள். பக்கத்து வீட்டுப் பையன் பிஸ்கட் தின்றுகொண்டே வாசலில் நின்றான் என்று அவனைப் பிடித்துத் தள்ளினாள். அவன் அம்மா வந்து நியாயம் கேட்டாள். "நோன்பு வச்ச புள்ள செய்யற வேலையா இது?" என்றாள். போன வாரம் தன் பிள்ளைகளை இழுத்து வந்து இவளைக் காட்டியவள்தான்.

ஆபா தலையில் கைவைத்து உட்கார்ந்தார். "இது நோன்பா? நோன்பாளின்னா வாய அடக்கணும், கைய அடக்கணும். பேஜாரா கீது. இவளுக்குப் போயி மாலை போடறதா?" சொல்லிவிட்டு, அவரே போனை எடுத்து மைத்துனர் வீட்டுக்குப் பேசினார். வெள்ளிக்கிழமை ஒன்றும் இல்லை, வர வேண்டாம் என்றார். மாதனூருக்கும் சொன்னார். மகள் கூடத்தின் நடுவில் நின்று, அவர் இரண்டு பேரிடம் சொல்வதையும் முழுக்கக் கேட்டாள். அவள் அசையாமல் நின்றது அன்று அந்த ஒரு தடவைதான்.

பிறகு போய் உள் அறைத் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டாள். சிமெண்ட் தரை குளிர்ச்சியாக இருக்கும் என்று கன்னத்தை வைத்து அழுத்திக்கொண்டு, காலை மட்டும் ஆட்டிக்கொண்டே கிடந்தாள். மாலை அசர் தொழுகைக்குப் பாங்கு சொல்லியாயிற்று. இன்னும் குடிக்கவில்லை. எழுந்து உட்காரச் சொன்னேன், உட்காரும்போது தள்ளாடினாள். உதடு வெடித்து வெள்ளையாக இருந்தது. எனக்குப் பயம் வந்துவிட்டது. சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தேன். என் தொண்டையும் காய்ந்துதான் இருந்தது, அந்தத் தண்ணீரின் வாசனை கூட எனக்குத் தெரிந்தது.

பல்லைக் கடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பினாள்.

"குடி. அல்லா கோவிச்சுக்க மாட்டான். ஒடம்பு சரியில்லாதவங்களுக்கு நோன்பு கெடையாது."

"வேணாம் அம்மி. இன்னிக்குத்தான் எனக்குப் பசிக்குது. அத்தன நாளும் பசிக்கவே இல்ல. இன்னிக்குத்தான் நான் வச்சிருக்கேன்."

"தெரியும்டி."

"புப்புக்குத் தெரியாதா?"

மாலை போட இருந்தார்கள், போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். போடுவதாக இருந்தது எந்த நோன்புக்கு, நிறுத்தியது எந்த நோன்புக்கு என்று நான் யாரிடம் போய் விளக்குவேன். தெருவில் ஒவ்வொரு வீடாக ஏறி இறங்க எனக்குக் காலில் வலுவில்லை. நாளை காலை பஸ் வந்துவிடும்.

"எனக்குத் தெரியும்" என்றேன். "காலையில இருந்து பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள், பொய் சொல்கிறேனா என்று. பிறகு வாயைத் திறந்தாள். நான் ஒரு மிடறு குடித்தால் போதும் என்றுதான் சொம்பைச் சாய்த்தேன். அவள் இரண்டு கையாலும் சொம்பைப் பிடுங்கி, மூச்சு விடாமல், மேலெல்லாம் வழிய, அடி மண்டிவரை குடித்து முடித்தாள். அவ்வளவு தாகத்தையும் வைத்துக்கொண்டுதான் அதுவரை இருந்திருக்கிறாள்.